மூடுவதற்கு ஒரு படம்

மாமனாருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அதில் சின்னக் கடையின் விற்பனைக் கோடு சறுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், பெரிய கடையின் விற்பனை ஏறிக்கொண்டே போக வேண்டும். சின்னக் கடையை மூடுவதென்று அவர் எப்போதோ முடிவு கட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், தன் கடைகளைக் கண் திறந்து பார்க்கவா படம் கேட்டார் என்றால் அதுதான் இல்லை. மகளிடம் காட்டி அவள் வாயை அடைக்கத்தான் படம்.

சின்னக் கடை பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது. அதை நடத்தியவள் அவருடைய மூத்த மகள். கணவன் போனபின் கண் பரிசோதனை படித்துவிட்டு வந்து, அந்தப் படிக்கடியில்தான் காலூன்றினாள். பெரிய கடை கடைத்தெருவில், ஏசியும் கண்ணாடிக் கதவுமாக, மகனின் பொறுப்பில் இருந்தது. லென்ஸ் வெட்டும் மெஷினும் அங்கேதான்.

இரண்டு கடைக்கும் கணக்கு பார்ப்பவள் மருமகள். வீட்டில் அவளுக்கு ‘கால்குலேட்டர்’ என்று பெயர். மற்ற நாளில் கேலியாகக் கூப்பிடுவார்கள்; காரியம் ஆக வேண்டுமென்றால் அதே பெயரில் தேன் ஒழுகும்.

கேட்டபடி படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கியிருக்கலாம். ஆனால் பார்க்காமல் வரைகிற பழக்கம் அவளுக்கு இல்லை. இரண்டு கடைக் கம்ப்யூட்டரிலும் இருந்ததை எல்லாம் அள்ளிக் கொட்டினாள். கோழி கிளறிய குப்பை தோற்றது. ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக இருந்தது. போன் நம்பருக்கு முன்னால் சிலருக்குப் பூஜ்யம், சிலருக்கு நடுவில் இடைவெளி. நம்பர் தர மாட்டேன் என்றவர்களுக்கெல்லாம் சின்னக் கடை நாத்தனார் வரிசையாக ஒன்பதைத் தட்டி வைத்திருந்தாள். மருமகள் தலையில் அடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தாள்.

சுத்தம் செய்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கண்ணை எங்கே சோதித்தாலும் பில் போடுவது லென்ஸ் வெட்டும் இடத்தில்தான். யாரும் யோசித்து வைத்த வழக்கமில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் பிரிண்டர் இருந்தது, அவ்வளவுதான். பவர் பார்த்து, பிரேம் தேடிக் கொடுத்து, ‘தலைவலி போயிடும், பயப்படாதீங்க’ என்று தைரியம் சொல்லி நாத்தனார் அனுப்பும் ஆளெல்லாம் பெரிய கடையின் விற்பனையாக மாறிக்கொண்டிருந்தார்கள். சோதனைப் பட்டியலையும் பில் பட்டியலையும் போன் நம்பரை வைத்துச் சேர்த்ததும், பெரிய கடையின் பில்லில் பாதிக்கு மேல் படிக்கட்டுக் கடையின் ஆட்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒருத்தியின் உழைப்பில் இன்னொருவர் மீசை முறுக்குகிறார். அந்த மீசை தன் வீட்டுக்காரருடையது என்பதால் எரிச்சல் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கடை மாடியில் நால்வரும் உட்கார்ந்தார்கள். அவள் படத்தைத் திரையில் போட்டாள். மாமனார் நிமிர்ந்தார்.

“என்னம்மா இது? நான் கேட்ட படம் எங்க?”

“அது பில் எங்க அடிச்சாங்கன்னு காட்டற படம், மாமா. இது ஆளு எங்கேருந்து வந்தாங்கன்னு காட்டறது.”

கணவன் முகம் சுண்டியது. “அப்ப நான் இங்க ஈ ஓட்டறேங்கிறியா?”

“நீங்க லென்ஸ் நல்லா வெட்டறீங்க. அதை நான் இல்லேன்னு சொல்லல.”

மாமனார் லேசுப்பட்டவர் இல்லை. “சரி, அங்க மூடினா அந்த ஆளுங்க நேரா இங்க வரப்போறாங்க. வாடகை மிச்சம்தானே?”

இந்தக் கேள்விக்குத்தான் அவள் காத்திருந்தாள். “போன மழையில கூரை ஒழுகுதுன்னு அண்ணி கடையைப் பூட்டிப் போட்டிருந்தோமே, அப்ப வந்தாங்களா, மாமா? இதோ பாருங்க, இந்தப் பள்ளம். இங்கேயும் வியாபாரம் படுத்துடுச்சு. கேட்டதுக்கு இவர் மழை மேல பழியைப் போட்டார். அதே மழை அண்ணி கடையைத் திறந்தப்புறமும் பெஞ்சுது. வியாபாரம் மட்டும் எழுந்து உக்காந்துடுச்சு.”

மாமனாருக்கு உண்மை உறைத்தது. உறைத்ததால்தான் குரல் ஏறியது.

“போர்டைக் கழட்ட ஆள் சொல்லியாச்சு. என் பேச்சு என்ன ஆறது? அந்தப் பழைய படத்தைப் போடு.”

“போட மாட்டேன், மாமா. கடை உங்களோடது, மூடணும்னா மூடுங்க. என் கணக்கைப் பார்த்துத்தான் மூடினேன்னு மட்டும் நாளைக்குச் சொல்லாதீங்க.”

இந்த வீட்டில் அவரிடம் ‘மாட்டேன்’ என்றவர்கள் யாருமில்லை. அவள் திரையை அணைக்கவில்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்தாள்.

“மூடிடுங்கப்பா.”

“அண்ணி!” என்றாள் மருமகள்.

“மூடட்டும்மா. நேத்து நீ இதை எங்கிட்ட காட்டினப்பவே நான் கட்டட ஓனர்கிட்ட பேசிட்டேன். அந்த ரூமை நானே எடுத்துக்கறேன். அப்பா போர்டைக் கழட்டட்டும், நான் என் போர்டை மாட்டிக்கறேன்.”

மாமனார் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “மெஷின் இல்லாம எங்கடி லென்ஸ் வெட்டுவ?”

“வெட்டறதுக்கு ஊர்ல மெஷினா இல்ல? நாலு எடத்துல விலை கேப்பேன்.” அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். “நீயும் ஒரு விலை சொல்லுடா. கட்டுப்படியானா உனக்கே தர்றேன்.”

தம்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா திரையில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். பிறகு போர்டு கழற்றும் ஆளுக்குப் போன் போட்டார்.

“வர வேண்டாம்ப்பா,” என்றார். காரணம் கேட்டிருப்பான் போலிருக்கிறது. “எம் பொண்ணுகிட்ட இன்னும் பேசி முடிக்கல.”

“பேசலாம்ப்பா,” என்றாள் மகள், நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு. “பில்லு எங்க அடிக்கறதுங்கிறதுலேருந்து ஆரம்பிக்கலாம்.”