கட்டத்துக்குள் போன கல்

பெல் அண்ணன் என்றால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரைத் தெரியும். மணியடிப்பது, அறைகளைப் பூட்டித் திறப்பது, மைதானத்தில் கோடு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கை சுத்தம், வாய் சுத்தம். கேட்டுவிட்டுச் செய்வோம் என்கிற புத்திதான் கொஞ்சம் மட்டு.

"அண்ணே, நாளைக்குப் பசங்க தரையில படம் வரையணும். ஆளுக்கொண்ணா நாப்பது கட்டம் போட்டுத் தர்றீங்களா?" என்று அறிவியல் டீச்சர் கேட்டிருந்தார். மரத்தடியில் நடத்தும் பாடம் அது. தலைமை ஆசிரியை பார்க்க வருகிறார். வெறும் விளையாட்டு என்று பட்டால் இனி நாலு சுவருக்குள்தான் வகுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அண்ணனின் மகளும் அதே வகுப்புதான். போன வருஷம் வரை பள்ளிக்கூடம் என்றாலே போர்வைக்குள் சுருண்டு கிடந்தவள், மரத்தடிப் பாடம் தொடங்கியதிலிருந்து அப்பாவுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த டீச்சருக்காக அண்ணன் என்ன வேண்டுமானாலும் செய்வார்.

பார்த்தால், கோட்டுப் பொடி தீர்ந்திருந்தது. டீச்சரின் மேஜைக்கடியில் மூடி போட்ட ஒரு கூடை. அதில், தொட்டால் கையில் வெள்ளையாக ஒட்டுகிற நாலைந்து கற்கள். கோடு போடத்தான் வாங்கி வைத்திருக்கிறார், சொல்ல மறந்துவிட்டார் என்று அண்ணன் தானே முடிவு கட்டினார். சுத்தியலால் நொறுக்கி, சலித்து, நூல் பிடித்தாற்போல நாற்பது கட்டம் இழுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பிள்ளைகள் கட்டத்துக்கு ஒருவராக உட்கார்ந்து, சாக்பீஸால் நண்டும் சிப்பியும் வரைந்தார்கள். பிறகு டீச்சர் ஒரு சாக்பீஸின் மேல் வினிகரை ஊற்றினார். ஒன்றும் ஆகவில்லை.

"கரும்பலகையில எழுதுற இந்த சாக்பீஸ் ஜிப்சம். அதான் சும்மா இருக்கு. இப்போ கடல்ல பிறந்த சீமைச்சுண்ணாம்புக் கல்லைப் பாருங்க!"

பிள்ளை ஒருத்தி தூக்கி வந்து வைத்த கூடையைத் திறந்தார். காலி. டீச்சரின் முகம் செத்துவிட்டது. தலைமை ஆசிரியை குறிப்பேட்டில் ஏதோ எழுதத் தொடங்கினார்.

தண்ணீர்க் குடத்தோடு நின்ற அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் டீச்சரின் பாடம் போய்விடும். குடத்தை இறக்கி வைத்தார்.

"டீச்சர், கல்லை நான்தான் இடிச்சுட்டேன். கோட்டுக்குன்னு நெனச்சுட்டேன். இந்தக் கட்டம் பூரா அதுதான்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சரின் கண்ணில் ஒரு கணம் கோபம் பளிச்சிட்டது. அடுத்த கணம் தரையைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார், மண்டியிட்டுக் கோட்டின் மேல் நாலு சொட்டு விட்டார்.

கோடு நுரைத்துப் பொங்கியது.

அப்புறம் கேட்க வேண்டுமா? புட்டி கைமாறிக் கைமாறிப் போக, நண்டையும் சிப்பியையும் சுற்றிக் கோடுகளெல்லாம் புசுபுசுவென்று பொங்கின. தலைமை ஆசிரியை குனிந்து, அண்ணனின் மகளிடமே கேட்டார்: "ஏம்மா பொங்குது?"

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

"கண்ணுக்கே தெரியாத கடல் உசுருங்களோட ஓடு, மேடம். கோடி கோடியா அடியில படிஞ்சு கல்லாயிடுச்சு. புளிப்பு பட்டா அதுக்குள்ள இருந்து வாயு கெளம்புது."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"டீச்சர் சொன்னாங்க. கட்டம் போட்டது எங்கப்பா."

தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்லை மேஜையில வெச்சிருந்தா முன்வரிசை மட்டும்தான் பார்த்திருக்கும். மரத்தடியிலயே நடத்துங்க" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுக் குறிப்பேட்டை மூடினார்.

அவர் போனதும் டீச்சர் நேரே அண்ணனிடம் வந்தார்.

"ரொம்ப நன்றிண்ணே. நீங்க வாயைத் தொறக்கலேன்னா இன்னியோட எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"கெடுத்தவனுக்குப் போய் நன்றியா? நான்ல டீச்சர் உங்களுக்குச் சொல்லணும். என் புள்ள பேசிடுச்சே" என்றார் அண்ணன். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நாற்பது பிள்ளைகள் பார்க்க அழுதார். வெட்கப்படவும் இல்லை.