எழுபத்திரண்டு மணி நேரம்

சான் அமாரோ சமுதாயக் கல்லூரி மாவட்டத்துக்கு டாக்டர் லேண்டன் தோர்ஸ்பி வேந்தராக வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது மாதத்தில் மூன்று கல்லூரிகளிலும் சேர்த்து அவர் இடம் மாற்றாத பொருள் கொடிக்கம்பம் ஒன்றுதான். அதையும் இரண்டு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார் என்று கேள்வி.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு, ஊழியர்கள் கார் சாவியைத் தேடும் நேரமாகப் பார்த்து, அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். தலைப்பு, 'தலைமை மற்றும் நிர்வாகச் செய்திகள்'. முதல் பத்தியில் பள்ளத்தாக்கில் பாதாம் பூத்த அழகு இருக்கும். இரண்டாம் பத்தியில் யாரோ ஒருவருடைய தலை உருளும். மூன்றாம் பத்தியில் அந்தத் தலைக்கு நன்றி சொல்லியிருப்பார். தோட்டக்கலைத் தலைவர், நூலகர், மாணவர் சேர்க்கை இயக்குநர் எல்லோரும் அந்த மூன்றாம் பத்தி வழியாகத்தான் வெளியே போனார்கள். வெள்ளி மாலை மாவட்ட அலுவலகத்தில் ஒரு பேனா கீழே விழுந்தால்கூட நாற்பது பேர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

டிசம்பர் முதல் வெள்ளியன்று உருண்ட தலை இடலினா பெட்டன்கோர்ட்டினுடையது.

இடலினா அறங்காவலர் குழுவின் செயலர். இருபத்துநான்கு வருஷமாக அதே நாற்காலி. ஐந்து வேந்தர்கள் வந்து போனதை அதில் உட்கார்ந்தபடியே பார்த்தவள். அப்பாவின் பால் பண்ணையில் இருநூறு மாடுகளை அதட்டி வளர்ந்த குரல் அவளுக்கு. அவள் தொண்டையைச் செருமினால் அறங்காவலர்கள் ஏழு பேரும் தாமாகவே நிமிர்ந்து உட்காருவார்கள்.

மின்னஞ்சலை இரண்டு தடவை படித்தாள். செயலர் பதவி வேந்தர் அலுவலகத்தோடு இணைக்கப்படுகிறதாம். அந்த வேலையை வேந்தரின் தலைமை உதவியாளர் ஷெல்பி கிரேன் பார்த்துக்கொள்வாளாம். இடலினா நாற்பது மைல் தள்ளியிருக்கும் மேற்கு வளாகத்தின் கழிவுப் பொருள் கிடங்குக்குப் போகவேண்டியது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒன்பதாம் பொருள், நான்காம் கிளையாக இது ஒப்புதலுக்கு வரும்.

கதவைத் தட்டாமல் அவர் அறைக்குள் போனாள்.

"கிடங்குல எனக்கு என்ன வேலை, டாக்டர்?"

"உடைஞ்ச நாற்காலிங்க நிறைய கிடக்கு. ஒரு பட்டியல் எடுக்கணும். உங்களை மாதிரி அனுபவசாலிதான் அதுக்குச் சரி, இடலினா."

"இருபத்திநாலு வருஷம் அறங்காவலருங்களக் கட்டி மேய்ச்சவளுக்கு நாற்காலியா?"

"நாற்காலி எதிர்த்துப் பேசாது. உங்களுக்கும் ஓய்வா இருக்கும்." மூலையில் ஷெல்பி கையிலிருந்த பலகைக் கணினியை வாய்க்கு நேரே தூக்கிக்கொண்டாள். அதற்குப் பின்னால் சிரிக்கிறாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"ஏழு பேர்ல நாலு ஓட்டு வேணுமே, டாக்டர்."

"நாலு இருக்கு."

"இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் இருக்கு."

அவர் முகம் கொஞ்சம் சுண்டியது. நவம்பர் தேர்தலில் அந்த நால்வரில் மூன்று பேர் மண்ணைக் கவ்வியிருந்தார்கள். ஜெயித்த மூன்று பேரும் தோர்ஸ்பியைத் திட்டியே ஓட்டு வாங்கியவர்கள். அடுத்த வெள்ளி நண்பகலில் அவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டால் அப்புறம் தோர்ஸ்பி ஒரு குண்டூசியைக்கூட நகர்த்த முடியாது. ஆகவே வியாழன். விட்டால் இல்லை.

"வியாழக்கிழமை போதும். ரெண்டு நாள் முன்னாடியே பெட்டி கட்டி வச்சிருங்க" என்றார் தோர்ஸ்பி.

அந்த ஊர்ச் சட்டத்தில் ஒரு முடிச்சு உண்டு. குழு கூடுவதற்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்பே, கூட்டத்தில் என்னென்ன எடுப்பார்கள் என்ற நிரலை எவரும் எந்நேரமும் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தாக வேண்டும். இருபத்துநான்கு வருஷமும் இடலினா அதைத் தாளில் அச்சடித்து, கொடிக்கம்பத்தடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். செப்டம்பரில் தோர்ஸ்பி அந்தப் பெட்டியைப் பெயர்த்தெறிந்துவிட்டு, மாட்டுக்கொட்டகைக் கதவு அகலத்துக்கு ஒரு மின்திரையை நட்டார். "பக்கத்துல ஒரு தாளும் ஒட்டி வைப்போம்" என்றாள் இடலினா. "மீன் பொதியத்தான் இப்பல்லாம் தாள்" என்றார் அவர். மறுநாளே ஷெல்பியிடமிருந்து கடிதம் வந்தது: நிரல் அறிவிப்பு இனி தங்கள் பொறுப்பு அன்று.

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு ஷெல்பி நிரலைத் திரையில் ஏற்றினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு இடலினா வந்தபோது பள்ளத்தாக்கு மூடுபனி கார் முன்விளக்கைத் தின்றுகொண்டிருந்தது. தன் மூக்கைத் தடவிப் பார்த்துத்தான் அது இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வேண்டிய பனி. பழக்கத்தில் கொடிக்கம்பம் பக்கம் போனாள். திரை கன்னங்கரேலென்று நின்றது.

துப்புரவுப் பணியாளர்களின் மேற்பார்வையாளர் ஒஃபேலியா பர்ரகான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பனிக்குள்ளிருந்து வந்தாள்.

"இது என்ன, செத்துப்போச்சா?" என்றாள் இடலினா.

"சாகல, இடா. தூங்குது. பெரியவர் உத்தரவு. ஒண்ணாந் தேதியிலிருந்து வெளியில இருக்கிற விளக்கு, திரை எல்லாம் சாயங்காலம் ஏழுக்கு அணையணும். மின்சாரம் மிச்சம் பண்ணப்போறதுக்கு அவருக்கு விருதுகூடக் குடுத்தாங்களே, கேக்கலயா?"

"எப்ப எழுந்திரிக்கும்?"

"ஆறுக்கு. உன்னை மாதிரி மாடு கறந்த பரம்பரையா அது, நாலு மணிக்கு எந்திரிக்க?"

இடலினா விரல் விட்டு எண்ணினாள். அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மூடுபனி கால் மைல் விலகியது என்று ஒஃபேலியா இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறாள்.

"போய் அந்த ஆள் மூஞ்சில சொல்லு!"

"வாயை மூடு, ஒஃபேலியா. இன்னிக்குச் சொன்னா அவசரமா வேற கூட்டம் அறிவிப்பான். அதுக்கு ஒரு நாள் முன்னால ஒட்டினாலே போதும். வியாழக்கிழமையே என் கதை முடிஞ்சுரும். ரெண்டு நாள் நான் ஊமை. நீயும் ஊமை."

கடத்தல்காரர்கள் பணயக்கைதியைப் படம் எடுப்பதைப்போல, இருண்ட திரைக்குப் பக்கத்தில் அன்றைய செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு இடலினா நின்றாள். ஒஃபேலியா படம் எடுத்தாள். புதனும் அப்படியே. வியாழனும் அப்படியே.

அந்த இரண்டு நாள் பேசாமல் இருந்ததுதான் இடலினா வாழ்க்கையிலேயே செய்த பெரிய உழைப்பு. செவ்வாய்க்கிழமை ஷெல்பி அளவு நாடாவோடு வந்து மேசையை அளந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இது கிறீச்சுனு கத்துதே. மாத்தணும்."

"ஆள் மாறினா கத்தும்" என்றாள் இடலினா.

"திரையில நிரலைப் பாத்தீங்களா? எவ்வளவு பளிச்சுனு இருக்கு!"

நாக்கு நுனிவரை வந்ததை இடலினா மென்று முழுங்கினாள். "பாத்தேன். காலையில முதல் வேலையே அதைப் பாக்கறதுதான்."

புதன்கிழமை தோர்ஸ்பி தன் கையாலேயே பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் அடுக்கினார். உச்சியில் ஒரு ஒட்டுநாடாச் சுருள். "உங்க பொருள் இத்தனை இருக்காதுதான். மிச்சத்துல நாற்காலிக் கால்களைப் போட்டுக்கலாம்" என்றார். இடலினா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இனிப்பு ரொட்டியில் முக்கால்வாசியை ஒரே வாயில் அடைத்துக்கொண்டாள். வாய் காலியாக இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் கொட்டியிருக்கும்.

வியாழன் மாலை ஆறு மணி. அவை நிரம்பி வழிந்தது. ஆசிரியர்கள் ஸ்வெட்டர் பின்னக் கொண்டுவந்திருந்தார்கள். இந்தக் குழுவின் கூட்டங்களில் குழந்தைக்கு ஆரம்பித்த ஸ்வெட்டர் பெரியவருக்குப் பொருந்தும் நீளத்துக்குப் போய்விடுவது வழக்கம். நடுவில் தலைவர் வெண்டல் டேவ்ஸ், உலர்திராட்சை விவசாயி, தோற்ற மூவரில் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் மாவட்ட வழக்கறிஞர் வர்தான் அரகேலியன். பின்னால் அந்த மூவருக்கான பிரிவுபசாரக் கேக்.

தலைவர் கூட்டத்தைத் திறப்பதற்கும் முன்னால் பொதுமக்கள் பேசலாம். மஞ்சள் அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்தால் ஆளுக்கு மூன்று நிமிஷம். அட்டைகளை வாங்குவதும், பெயரைக் கூப்பிடுவதும், பச்சை விளக்கைத் தட்டி நேரம் பார்ப்பதும் செயலரின் வேலை. இடலினா ஒரு அட்டையை எழுதினாள். இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். ஒலிவாங்கியில் வாசித்தாள்.

"முதல் பேச்சாளர், இடலினா பெட்டன்கோர்ட்."

எழுந்தாள். பச்சை விளக்கைத் தட்டினாள். மேடையைச் சுற்றிக்கொண்டு போய் மக்கள் பக்கத்து ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள்.

"என்ன கூத்து இது!" தோர்ஸ்பி பாதி எழுந்துவிட்டார். "நீங்க ஊழியர். போய் உக்காருங்க!"

"அட்டை எழுதிக் குடுத்தா யாரும் பேசலாம், டாக்டர்" என்றார் அரகேலியன். "ஒரு ஆடு எழுதிக் குடுத்தாலும் மூணு நிமிஷம் விட்டுத்தான் ஆகணும்."

"அப்ப ஆடே பேசட்டும்!" என்றார் தோர்ஸ்பி. அவை 'ஊ' என்று இரைந்தது.

"ஆடு பேசுது, கேட்டுக்கோங்க" என்றாள் இடலினா. மாடு அதட்டிய குரல் ஒலிவாங்கி இல்லாமலே கூரைக்குப் போனது. "எழுபத்திரண்டு மணி நேரம் நிரல் எல்லார் கண்ணுலயும் படணும். திங்கள், செவ்வாய், புதன், மூணு நாளும் ஏழு மணிக்கு உங்க திரை தூங்கிருச்சு. காலை ஆறுக்குத்தான் முழிச்சுது. முப்பத்திமூணு மணி நேரம் இருட்டு. படம் இருக்கு. தேதியும் இருக்கு." மூன்று படங்களையும் வழக்கறிஞர் முன்னால் வைத்தாள்.

ஷெல்பி துள்ளினாள். "இணையதளத்துல முழுக்க இருந்துதே!"

"அதுவும் வேணும், இதுவும் வேணும்" என்றார் அரகேலியன், படங்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விடியக்காலம் மூணு மணிக்கு எந்தப் பைத்தியம் வந்து நிரல் படிக்கும்?" என்று தோர்ஸ்பி கத்தினார்.

கடைசி வரிசையில் ஒஃபேலியா எழுந்தாள். "இந்தப் பைத்தியம் படிக்கும். அந்நேரம்தான் ஐயா நான் உங்க கக்கூஸைக் கழுவுறேன்."

ஸ்வெட்டர் ஊசிகள் நின்றுபோயின. அரகேலியன் டேவ்ஸின் காதில் குனிந்தார். ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டதால் ஊரே கேட்டது. "இப்ப எதுக்கு ஓட்டு எடுத்தாலும் நீதிமன்றத்துல நிக்காது. கூட்டத்தையே திறக்காதீங்க. நாளைக்குப் பதவி போற நேரத்துல உங்க மேல எதுக்கு ஒரு வழக்கு?"

"திறக்கல" என்றார் டேவ்ஸ். அவர் கண் ஏற்கெனவே கேக் மேல் இருந்தது.

"அப்ப நாளைக்குச் சிறப்புக் கூட்டம்! இருபத்திநாலு மணி நேரம் போதும்ல!" என்றார் தோர்ஸ்பி.

அரகேலியன் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப ஆறு அஞ்சு. நாளைக்கு ஆறு அஞ்சுக்கு இந்த நாற்காலிங்கள்ல மூணுல வேற ஆளுங்க இருப்பாங்க, டாக்டர்."

தோர்ஸ்பி மேடையைவிட்டு இறங்கி இடலினாவுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை காலை அஞ்சு நாப்பதுக்கு."

"தெரிஞ்சும் வாயைத் திறக்கல!"

"அறிவிப்பு என் பொறுப்பு இல்லன்னு உங்க ஆபீஸே எழுதிக் குடுத்திருக்கு. உங்க எழுத்தை மதிச்சேன், டாக்டர்." திரும்பிப் போய்த் தன் நேர விளக்கை அணைத்தாள். நேரம் முடியப்போவதைச் சொல்லும் மஞ்சள்கூட எரிந்திருக்கவில்லை.

கூட்டமே நடக்காததால் பிரிவுபசாரக் கேடயங்களைக் கொடுக்க முடியவில்லை. டேவ்ஸும் மற்ற இருவரும் கார் நிறுத்துமிடத்தில், பனியில், ஆளாளுக்கு மற்றவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். கேக் சாப்பிடத் தடையில்லை. கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அது அறிவிக்காத கூட்டமாகிவிடும் என்று அரகேலியன் ஒவ்வொரு துண்டுக்கும் சொல்லிக்கொண்டே நின்றார்.

வெள்ளி நண்பகல், புது அறங்காவலர்கள் மூவரும் வலது கையைத் தூக்கி நின்றார்கள். உறுதிமொழியை வாசித்துச் சொல்லவைப்பவள் செயலர். இடலினா சொல்லச் சொல்ல அவர்கள் சொன்னார்கள். பக்கத்தில் சான்றிதழ்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு நிற்பது வேந்தரின் வேலை. மூவரில் மூத்தவர், வெல்டிங் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சாய் லீ வாங், சான்றிதழை வாங்கும்போது தோர்ஸ்பியின் கையைக் குலுக்கவில்லை.

"அந்த ஒன்பது-நாலு, கிடங்கு விஷயம்" என்றார் அவர். "நான் இந்தக் குழுவுல இருக்கிறவரை அதை யாரும் கொண்டுவர வேண்டாம்."

தோர்ஸ்பி தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு, புகைப்படக்காரருக்காகப் பல்லைக் காட்டியபடியே, உதட்டைப் பிரிக்காமல் இடலினாவிடம் சொன்னார். "ஜனவரியில மறுபடி ஆரம்பிக்கிறேன். உன்னைக் கிடங்குல பாக்காம நான் ஓய மாட்டேன்."

இடலினாவும் அதே புகைப்படக்காரரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிங்க, டாக்டர். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னாடியே எழுதிக் குடுத்துருங்க. ஜனவரி நிரலையும் நான்தானே தட்டச்சு பண்ணணும்."