உத்தரத்தில் கசிந்த பிசின்

கர-தாலா ஊரில் புதிதாகக் கட்டிய பாலர் பள்ளியின் பரணில் முழங்கால் போட்டு, புகைபோக்கியைச் சுற்றிக் குளிர் தடுக்கக் கொட்டியிருந்த மரத்தூளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டிருந்தாள் புருல். வீடுகளின் செங்கல் கணப்புகளையும் புகைபோக்கிகளையும் சோதித்து, நெருப்பு மூட்டலாம் என்று சான்று கொடுப்பது அவள் உத்தியோகம். அவள் கையெழுத்துப் போட்டால் நாளை மறுநாள் திறப்பு விழா. மாவட்டத் தலைவர் வருவதாக இருந்தார். விருந்துக்கு ஆடுகூடப் பார்த்து வைத்தாயிற்று.

மூன்று பக்கமும் சரியாக இருந்தது. புகை போகும் துளைக்கும் மரத்துக்கும் நடுவே ஒன்றரைச் செங்கல் கனம் வேண்டும், இருந்தது. நாலாவது பக்கத்தில் தேவதாரு உத்தரம் ஒன்று நேராகப் போய்ப் பூச்சுக்குள் மறைந்திருந்தது. சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்தாள். மற்ற இடங்களில் கணீரென்று கேட்ட சத்தம் அங்கே மட்டும் மொத்தென்று கேட்டது. அளவு நாடாவை நீட்டிக் கணக்குப் போட்டாள். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பக்கம் அரைச் செங்கலுக்கு மேல் இருக்க வழியில்லை.

அவள் உடனே கீழே இறங்கவில்லை. அந்தக் கணப்பைக் கட்டியவர் அவள் கணவனின் அண்ணன். பள்ளத்தாக்கு முழுக்கப் பேர்போன கொத்தனார். புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பேரை மருமகள் வாயால் சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அவர் பேர் ஜுமாதில். வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் பேச்சில் ஜுமா என்று பேர். அதனால் கல்யாணமான பதினோரு வருஷமாக அந்த நாளைக்கூட புருல் 'வியாழனுக்கு மறுநாள்' என்றுதான் சொல்லி வந்தாள்.

கடைசியில் கீழே வந்து, "மாமா, பின்பக்கம் உத்தரம் சேர்ற இடத்துல பூச்சைக் கொஞ்சம் உடைச்சுப் பாக்கணும்" என்றாள்.

ஜுமாதில் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எதை உடைக்கணும்?"

"அந்தப் பக்கம் கனம் போதல."

"முப்பது வருஷமாக் கட்டறேன். என் கணப்பால ஒரு வீடு கருகியிருக்கா, சொல்லு."

"இல்ல மாமா. அதனாலதான் எனக்கே கஷ்டமா இருக்கு."

கட்டட ஒப்பந்தக்காரன் தலாந்த் குறுக்கே புகுந்தான். "அம்மா, ஒரு கையெழுத்துதானே. குளிர் போகட்டும், வசந்தத்துல நிதானமாப் பிரிச்சுப் பாத்துக்கலாம்."

"குழந்தைங்க குளிர்லதானே இங்க தூங்கப் போறாங்க?" என்றாள் புருல்.

மறுப்புச் சீட்டை எழுதினாள். எழுதியதைச் சாட்சிகள் முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது விதி. தலைமை ஆசிரியை அனார்குல், தலாந்த், எட்டிப் பார்க்க வந்த கடைக்காரி பாக்திகுல் மூவரும் நின்றார்கள். "கட்டியவர்" என்ற இடம் வந்ததும் புருலுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தாளைப் பார்த்தாள். அடுத்த அறையில் நாற்பது குட்டிக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன.

"கட்டியவர், ஜுமாதில்" என்று வாசித்தாள்.

அவர் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

"மச்சாண்டார் பேரை எப்படி வாய் கூசாமச் சொல்றா பாரு" என்றாள் பாக்திகுல், கேட்கட்டும் என்றே.

சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது கணவன் எமில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தான். "அண்ணன் போன் பண்ணாரு."

"நீ என்ன சொன்ன?"

"வண்டி ஓட்டிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்னேன்."

"ஓட்டிட்டிருந்தியா?"

"இல்ல. இந்த உருளைக்கிழங்கை உரிச்சிட்டிருந்தேன்." கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "நீ சொல்றது சரிதானா புருல்?"

"சரிதான்."

"அப்போ நாளைக்கும் போயி அதையே சொல்லு. அண்ணன் கோபத்தை நான் வாங்கிக்கறேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் அவள் பள்ளிக்குப் போய்விட்டாள். ஜுமாதிலும் வந்திருந்தார். வேடிக்கை பார்க்கப் பாதி ஊரே வந்திருந்தது.

"மாமா, பூச்சை நான் உடைக்கல" என்றாள் புருல். "நடு ஜனவரியில எரிக்கற மாதிரி ரெண்டு தடவை கரி போட்டு எரிப்போம். உத்தரத்துல தெர்மாமீட்டர் ஒட்டறேன். சூடு விதியில சொன்ன ஐம்பது டிகிரியைத் தாண்டலன்னா, இங்கயே கையெழுத்துப் போட்டுட்டு, உங்க வீட்டு வாசல்ல வந்து மன்னிப்பும் கேக்கறேன்."

"தாண்டினா?"

"நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்து கணப்பின் கதவைத் திறந்தார்.

நெருப்பு அழகாகப் பற்றியது. ஒரு இழை புகைகூட அறைக்குள் வரவில்லை. அவ்வளவு நேர்த்தியாக இழுத்தது. புருல் தெர்மாமீட்டரின் முனையை உத்தரத்தில் ஒட்டி, முள் ஓடும் தட்டை எல்லோரும் பார்க்கும்படி கீழே தொங்கவிட்டாள். பத்து மணிக்கு இருபத்திநாலு. பன்னிரண்டுக்கு முப்பத்திமூன்று. இரண்டாவது தடவை கரி போட்டார்கள். ஒரு மணிக்கு நாற்பத்தியொன்று. இரண்டு மணிக்கு நாற்பத்தியேழு. கரி எரிந்து தணல் மங்கியது. முள் நாற்பத்தியேழிலேயே நின்றது.

கால் மணி நேரம் போயிற்று. முள் அசையவில்லை.

"சரி, போதும். அம்மாவுக்கு ஒரு பேனா கொடுங்கப்பா" என்றான் தலாந்த். சிரிப்பு எழுந்தது. "மன்னிப்புக் கேக்கப் போறப்போ வெறுங்கையோட போகாத, ரொட்டி வாங்கிட்டுப் போ" என்றாள் பாக்திகுல்.

புருல் கணப்பின் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். "நெருப்பு அடங்கினாலும் செங்கல் வாங்கின சூட்டை வெளிய தள்ளிட்டேதான் இருக்கும். இன்னும் ஒரு மணி நேரம் பாக்கணும்."

"இப்படியே சாயந்திரம் வரைக்கும் உட்கார வெப்பியா?" என்று தலாந்த் எகிறினான்.

"அவ சொல்றது சரி." ஜுமாதில் சுவரில் சாய்ந்து நின்றபடியே சொன்னார். "செங்கலைப் பத்தி எனக்குத் தெரியும். எல்லாரும் உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். இரண்டே முக்காலுக்கு முள் மெல்ல நகர்ந்து நாற்பத்தொன்பதுக்கு வந்தது. அப்புறம் ஐம்பத்திரண்டு. முதலில் வாசனைதான் வந்தது. காட்டில் புதிதாக வெட்டிய மரம் வெயிலில் காயும்போது வருமே, அந்த வாசனை. அனார்குல்தான் முதலில் விரலை நீட்டினாள். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கூரையில், உத்தரம் புகைபோக்கியைத் தொடும் இடத்தில், மஞ்சளாக ஒரு கோடு கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மரம் சூட்டில் பிசினைக் கக்கியிருந்தது. முள் ஐம்பத்தியெட்டில் நின்றது.

ஜுமாதில் சுத்தியலை எடுத்துக்கொண்டு தானே ஏணியில் ஏறினார். நாலு அடி அடித்ததும் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே, புகைத் துளையை ஒட்டி இன்னும் பல மடங்கு சூடு வாங்கிய உத்தரத்தின் முனை, அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக விட்ட ரொட்டியின் அடிப்பாகம் மாதிரிப் பழுப்பேறியிருந்தது. ஒரே நாள் நெருப்புக்கு அவ்வளவு. குளிர்காலம் முழுக்க எரிந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "புல் அறுப்புக்குப் பத்து நாள் மலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா தச்சனுங்க உத்தரத்தைப் புகைபோக்கியோட ஒட்டி வெச்சிருந்தாங்க. கனம் கட்ட இடமில்ல. கூரையைப் பிரின்னு சண்டை போட்டிருக்கணும். போடல. பூசி மறைச்சேன்." தலாந்த் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான். "தப்பு என்னோடது. எழுதிக்கோம்மா. என் பேரைப் போட்டே எழுதிக்கோ."

மாவட்டத் தலைவருக்கு புருலே போன் செய்து, விழாவை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொன்னாள். அவர் முதலில் முனகினார். ஐம்பத்தியெட்டு என்ற எண்ணைக் கேட்டதும், "சரி, ஆடு எங்கயும் ஓடிடாது" என்று போனை வைத்தார்.

ஐந்து நாள் வேலை நடந்தது. உத்தரத்தைத் தள்ளி வெட்டி, அதன் முனையைக் குறுக்குக் கட்டையில் தாங்க வைத்தார்கள். ஜுமாதில் அந்தப் பக்கத்தை ஒன்றரைச் செங்கல் கனத்துக்குப் புதிதாகக் கட்டினார். ஒவ்வொரு வரிசைக்கும் புருலைக் கூப்பிட்டு, "அளந்துக்கோ" என்றார். அவளும் ஒவ்வொரு தடவையும் அளந்தாள். மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டு, புகைபோக்கியைச் சுற்றிக் களிமண்ணும் மணலும் நிரப்பினார்கள். ஆறாம் நாள் அதேபோல் இரண்டு தடவை கரி போட்டு எரித்தார்கள். சாயந்திரம் முள் முப்பத்தியொன்றில் நின்று, அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட ஏறவில்லை.

புருல் சான்றை எழுதி வாசிக்க ஆரம்பித்தாள். "கட்டியவர்" என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் மறுபடி தயங்கினாள்.

"மறுப்புச் சீட்டுல தைரியமாச் சொன்னியே, இப்ப என்ன வெட்கம்?" என்றார் ஜுமாதில். "சத்தமாச் சொல்லு. பாக்திகுல் கடை வரைக்கும் கேக்கணும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புருல் சொன்னாள், சத்தமாகவே.

விழாவன்று நாற்பது குழந்தைகளும் கணப்பின் வெதுவெதுப்பான சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றார்கள். மாவட்டத் தலைவரின் பேச்சை அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. விருந்தில் முதல் மரியாதையான ஆட்டுத் தலையை வழக்கப்படி மாவட்டத் தலைவருக்கு வைத்தார்கள். அவர் அந்த மரியாதையில் பங்காக அதிலிருந்து ஒரு காதை அறுத்து புருலின் தட்டில் வைத்தார்.

கை கழுவப் போன இடத்தில் பாக்திகுல் அவளைப் பிடித்துக்கொண்டாள். "புருல், கண்ணு, என் வீட்டுப் பரணையும் கொஞ்சம் பாத்துடேன். அந்தச் சுவர்ப் பக்கம் ரெண்டு வருஷமா இதே மாதிரி ஒரு மஞ்சள் கறை இருக்குடி. மழை ஒழுகுதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். புருல் நோட்டை எடுத்து ஒவ்வொரு வீடாக எழுதிக்கொண்டாள். முற்றத்தின் மறுகோடியில் ஜுமாதில் ஏணியை எமிலின் வண்டிமேல் வைத்துக் கட்ட ஆரம்பித்திருந்தார்.