வலிக்காத கடி

தாரணிக்கு ஏழாம் மாதம். தன் அடிவயிற்றைத் தன் கண்ணால் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. அதனால் பாவாடை முடிச்சுக்குக் கீழே ஏதோ நமநமவென்று அரிப்பதாகச் சொல்லி, கணவனிடம்தான் காட்டினாள்.

பழனிக்குமார் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தான். சிவந்த வளையம், நடுவில் சின்னதாகக் கறுப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்டது போல.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லங்க."

"சிலந்தி கடிச்சிருக்கு புள்ள. வெறகுக்குள்ள கெடக்குமில்ல, அது."

வலி இல்லை என்று அவள் சொன்னதே அவனுக்கு நிம்மதியாக இருந்தது. குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்துப் பூசிவிட்டான். மறுநாள் கேரட் தோட்டத்து வேலைக்குப் போகவில்லை. விறகையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டு, கண்ணில் பட்ட சிலந்தியை எல்லாம் விளக்குமாறால் அடித்தான்.

"கடிச்சது ஒண்ணுதான? எல்லாத்தையும் எதுக்குங்க அடிக்கிறீங்க?" என்று தாரணி சிரித்தாள்.

"எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு. மலை மேல் அவர்கள் ஊரான வில்பட்டியில் அவன் வணங்காத சாமி இல்லை.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தலை பிளந்துவிடும் போல வலித்தது. ஐப்பசி மழையில் ஊரில் பாதிப் பேர் காய்ச்சலோடுதான் கிடந்தார்கள். கிராம நர்ஸ் பிரியா வீட்டுக்கே வந்து பார்த்தாள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றாள், மாத்திரை கொடுத்தாள்.

"ரெண்டு நாள்ல கொறையலைன்னா வெரசா ஆஸ்பத்திரிக்கு வந்திரணும். வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?"

"வேற ஒண்ணுமில்லங்க" என்றான் பழனிக்குமார். அந்தப் பொருக்கு அவன் நினைவுக்கே வரவில்லை. சிலந்திக் கடி ஆறிவிட்டது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காய்ச்சல் குறையவில்லை. நாளைக்குப் போகலாம், மழை விடட்டும் என்று ஒரு நாள் தள்ளினார்கள். அடுத்த நாள் காலையில் அவளுக்கு மூச்சு இரைத்தது. ஆம்புலன்ஸ் மலை இறங்கும்போது அவள் அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"புள்ள அசையலைங்க."

"தூங்குதும்மா" என்றான்.

கீழே பெரியாஸ்பத்திரியில் டாக்டர் மகாதேவி அவள் உடம்பில் ஏதோ ஒரு தடத்தைத் தலையிலிருந்து தேடினாள். காதுக்குப் பின்னால், அக்குள், முதுகு. கடைசியில் அடிவயிற்றுக்குக் கீழே குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"அது சிலந்திக் கடிங்க. ஆறிருச்சு" என்றான் பழனிக்குமார்.

"கடிச்சப்ப எரிச்சல், வலி இருந்துச்சா?"

"இல்லைங்க."

"மோசமான சிலந்தி கடிச்சா அநேகமா வலி உசுரப் புடுங்கும், அப்பவே தெரிஞ்சிரும். இது வலிக்கவே வலிக்காது. புல்லுல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கு, உண்ணி மாதிரி. அது கடிச்சா இப்படிக் கறுப்பாப் பொருக்குத் தட்டும், பின்னாலயே காய்ச்சல் வரும். சீக்கிரம் வந்தா மருந்துலயே கேட்கிற காய்ச்சல்தாங்க."

அவள் சோறு கொண்டுபோகும் மத்தியானங்களில் கேரட் தோட்டத்து வரப்புப் புல்லில் அவளும் அவனும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அவள் சிரமப்படக் கூடாதென்று நிழலான, அடர்ந்த புல்லாகப் பார்த்து அவன்தான் இடம் பிடிப்பான்.

ஊசி ஏற்றுவதற்காக நர்ஸ் வளைகாப்பு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்த டாக்டர், பிறகு அதை எடுத்துவிட்டு அவனை வெளியே கூப்பிட்டாள்.

தாரணி பிழைத்துக்கொண்டாள். மருந்து ஏறிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கு முன்பே ஆண் குழந்தை இறந்து பிறந்திருந்தது. நினைவு தெளிந்து, நடந்தது தெரிந்ததும் அவள் அவனிடம் கேட்டாள்.

"எங்க வச்சீங்க?"

"அய்யம்பாளையத்துல. உங்கப்பா தோப்புல."

"முடி இருந்துச்சா?"

அவன் போர்வையை அவள் கால்வரை இழுத்துவிட்டான்.

"யாரு சாடைங்க?"

"துணில சுத்திக் குடுத்தாங்க புள்ள. நான் மொகத்தத் தொறந்து பாக்கல. முடியல என்னால."



"நான் பாத்திருப்பேன்" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போகும் கொடைக்கானல் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் அய்யம்பாளையம் பஸ்ஸை நோக்கி மெதுவாக நடந்தாள்.

"அவன்கிட்ட கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."

"நானும் வரவா?"

"வாங்க."

ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவளின் ரவிக்கை முன்னால் நனைந்திருந்தது. பால். இன்னும் சுரந்துகொண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடப் பார்த்தாள். முந்தானை நழுவியது. பழனிக்குமார் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் மேல் போர்த்தினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் அழாதவள், சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். பஸ் கிளம்பியது.