வாந்தி ஊசி

மானாம்பதியில் கல்யாணமான பெண் வாந்தி எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கலா கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்தபோது மாமியார் சொக்கம்மாள் முதுகைத் தடவ வரவில்லை, தெருவுக்கு ஓடினாள்.

"எம் மருமவ முழுகாம கீறா!"

ஆறு வருஷமாக அந்த வாய் கலாவைத் தடிச்சி என்றுதான் கூப்பிட்டது.

விஷயம் வேறு. கலாவுக்குச் சர்க்கரை. உடம்பு பெருத்து, தீட்டும் நின்றுபோயிருந்தது. காஞ்சிபுரத்து டாக்டர், 2008இல் அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஓர் ஊசியை எழுதிக் கொடுத்தார்.

"சாப்பிட்டதும் குடல்ல ஒரு ஹார்மோன் சுரக்கும். போதும்னு மூளைக்குச் சொல்றது அதுதான். அந்த வேலையை இந்த ஊசி செய்யும். முதல்ல குமட்டும், பயப்படாதீங்க. உடம்பு இளைச்சாத்தான் குழந்தை."

சென்னையிலிருந்த கலாவின் அண்ணன் தேவராஜ் வாங்கி அனுப்பினான். சர்க்கரை என்று தெரிந்தால் அம்மா துரத்திவிடுவாள் என்று, கணவன் சிவகுமார்தான் ஊசியை ஃபிரிட்ஜில் மாவுக் குண்டானுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான்.

"அத்தகிட்ட சொல்லிடுங்க. இது ஊசியால வர்ற வாந்தி" என்று வாந்தி எடுத்த அன்றே அவனிடம் கெஞ்சினாள் கலா.

"அம்மா சிரிச்சி எத்தினி நாளாச்சி? சும்மா இரு. அப்பால கலைஞ்சி போச்சின்னு சொல்லிக்கலாம்."

இல்லாத பிள்ளையைக் கொல்லவும் அப்போதே நாள் பார்த்துவிட்டான், புண்ணியவான். கலாவும் சும்மா இருந்தாள். தட்டில் மாங்காய் வந்தது. தடிச்சி 'கண்ணு' ஆனாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பசியே எடுக்கவில்லை. உடம்பு வற்றியது. "எளச்சிக்கினே போறா, ஆம்பளப் புள்ளதான்" என்றார்கள் தெருக்காரிகள்.

மூன்றாம் மாதம் சொக்கம்மாள் வேண்டுதலைச் செலுத்த மருமகளைத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போனாள். பிரகாரம் சுற்றும்போதுதான் ஊசி தன் வேலையைக் காட்டியது. உடம்பு இளைத்ததும், நின்றுபோயிருந்த தீட்டு திரும்பி வந்தது. காஞ்சிபுரத்து டாக்டர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். சொக்கம்மாள் மருமகள் புடவையைப் பார்த்து, பிள்ளை போச்சு என்று அலறினாள்.

உத்திரமேரூரில் பெண் டாக்டர் சோதித்துப் பார்த்தார். "இவங்க கர்ப்பமாவே இல்லியே. இது மாதவிலக்கு."

வீட்டுக்கு வந்ததும் சொக்கம்மாள் பெட்டி, பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் குடைந்தாள். மாவுக் குண்டானுக்குப் பின்னால் ஊசி அகப்பட்டது.

"இன்னாடி இது?"

"சக்கரைக்கு அத்த. அத போட்டா வாந்தி வரும், அதனாலதான்..."

"வாந்தி வர்றதுக்கு ஊசியா? ஊசி போட்டுக்கினு வாந்தி எடுத்து என்ன ஏமாத்திக்கினு இருந்தியா?"

கலா சிவகுமாரைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றான்.

அன்றே அவளை அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். ஊரில் அவளுக்கு 'வாந்தி ஊசிக்காரி' என்று பெயர் நிலைத்தது. தை மாதம் பழையசீவரம் மலைக்கோயிலில் சிவகுமார் மாமன் மகள் அம்முலுவுக்குத் தாலி கட்டினான். பார்த்துப் பார்த்து ஒல்லியாகவே எடுத்தாள் சொக்கம்மாள்.

கலா ஊசியை விடவில்லை. அது ஒன்றுதான் அவளிடம் சொன்னபடி நடந்துகொண்டது.

சித்திரையில் காஞ்சிபுரத்து டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "அடையாளமே தெரியல! சர்க்கரையும் நல்லா இறங்கியிருக்கு. மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

"வருது சார்."

"அப்புறம் என்ன? குழந்தை உண்டாகறப்ப இந்த ஊசி ஆகாது, நிறுத்திட்டு வேற மருந்து தர்றேன். இனிமே குழந்தை நிக்கும். அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

பக்கத்தில் இருந்த தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"கூட்டிக்கினு வர்றேன் சார்" என்றாள் கலா.