தனியா வந்தாச்சு

விருதுநகரில் ஒரு புருசனும் பெண்டாட்டியும் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியூர் போவதென்றால், ஒன்று துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சும்மா கடலைப் பார்ப்பதற்கு, நான்கு நாள், அதுவும் விமானம் ஏறிப் போவதென்றால் அது ஒழுக்கக்கேடு. அந்த ஒழுக்கக்கேட்டுக்காக அனுப்பிரியா ஏழு வருசம் காத்திருந்தாள்.

அவள் பிறந்த ஊர் சிவகாசி. தீபாவளி சீசன் முடிந்து பட்டாசு லோடெல்லாம் கிளம்பிப் போனதும், அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் ஜோடி ஜோடியாகப் பாலித் தீவுக்கும் மாலத்தீவுக்கும் பறந்துபோய், நீலத் தண்ணீரில் கால் நனைத்துப் படம் போடுவார்கள். அனுப்பிரியா இட்லி மாவில் கை நனைத்தபடி அதைப் பார்ப்பாள். அவள் வாழ்க்கைப்பட்டது மிளகாய் வத்தலும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்யும் கூட்டுக்குடும்பத்தில். மாமனார் இராமகிருஷ்ணன், மாமியார் பொன்னுத்தங்கம், மூத்தவர் ராம்குமார், அவர் மனைவி, இளையவனான அவள் புருசன் ஹரிஷ்குமார், இரண்டு ஜோடிக்குமாகச் சேர்த்து நாலு பிள்ளைகள். அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு. புருசனிடம் ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றால் மொட்டைமாடியில் வடகம் காயப்போடும் சாக்கு வேண்டும். அங்கேயும் காக்காய் விரட்டுகிறேன் என்று யாராவது பின்னாலேயே ஏறி வந்துவிடுவார்கள்.

அவளுக்குப் பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மேலத்தெருவில் குடும்பத்துக்குச் சொந்தமான இன்னொரு வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே நாம் தனிக்குடித்தனம் போவோம் என்று அவனைக் கேட்கவேண்டும். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே போதும், "அம்மா காதுல விழுந்துறப் போகுது" என்று அவன் ஓடிவிடுவான். நாலு பக்கமும் தண்ணீராக இருந்தால் எங்கே ஓடுவான் பார்ப்போம் என்றுதான் அவள் தீவைத் தேர்ந்தெடுத்தாள்.

பொன்னுத்தங்கம் ஒரு மாதம் யோசித்துவிட்டு உத்தரவு கொடுத்தாள். "போயிட்டு வாங்க. பிள்ளைகள நான் பாத்துக்கிறேன். ரெண்டு பெத்து ஆறு வளத்தவ நான். ஆனா வெளிய மூச்சு விடக் கூடாது. மாலத்தீவுன்னா ஊரு சிரிக்கும். திருச்செந்தூருக்கு நேத்திக்கடன்னு சொல்லிக்கிருவோம்."

இராமகிருஷ்ணனும் கடைத்தெருவில் முருகன் பெயரைச் சொன்னார். நேர்மையான வியாபாரி என்று பேரெடுத்தவர் ஆயிற்றே, எல்லோரும் நம்பினார்கள். உண்டியலில் போடச் சொல்லி இரண்டு பேர் காணிக்கை கூட முடிந்து கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொண்டு, முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, மாலேயில் இறங்கி, அங்கிருந்து படகில் போனார்கள். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும், ஓலைக்கூரை போட்ட குடில் ஒன்றைக் கொடுத்தார்கள். கூரைதான் ஓலை, உள்ளே சகலமும் இருந்தது. வாசல்படி இறங்கினால் கடல். அனுப்பிரியா படியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள். ஐந்து நிமிடம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அனூ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "என் பனியன எங்கன வச்ச?"

அது ஆரம்பம்தான். பனியனுக்குப் பிறகு பல்பொடி, பல்பொடிக்குப் பிறகு குளியலறைக் குழாயில் எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் என்ற ஆராய்ச்சி. சாப்பிடப் போன இடத்தில் ஐம்பது வகை பரப்பி வைத்திருந்தார்கள். ஹரிஷ்குமார் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு என்ன பிடிக்கும்னு நீயே பாத்து எடுத்துட்டு வா" என்று உட்கார்ந்துகொண்டான். மீன்குழம்பை மோந்து பார்த்து, இது போன வருசத்து மல்லி, வண்டு விழுந்தது என்று சமையல்காரரிடம் தமிழிலேயே சொன்னான். அந்த மனுசரும் பாராட்டு என்று நினைத்து இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். கடலில் இறங்கச் சொன்னால், தலைக்கு எண்ணெய் வைக்காமல் உப்புத்தண்ணீரில் இறங்கினால் சளி பிடிக்குமென்று அம்மா சொல்லியிருக்கிறாளாம்.

அனுப்பிரியாவுக்கு அப்போதுதான் விசயம் உறைத்தது. வீட்டில் அவன் கையில் காபியைக் கொடுப்பது அம்மா. இலையில் எது எவ்வளவு வைக்கவேண்டுமென்பது மதினிக்குத்தான் தெரியும். எந்த வேலைக்கு எப்போது புறப்படவேண்டுமென்று அண்ணன் சொல்லுவார். சட்டைப்பையில் சீப்பு இருக்கிறதா என்று அப்பா தட்டிப் பார்ப்பார். குடும்பச் சொத்தைப் போலவே அவனும் இத்தனை நாள் பாகம் பிரிக்கப்படாமல் இருந்திருக்கிறான். ஆளுக்குக் கொஞ்சம் தாங்கியதால் யாருக்கும் பாரம் தெரியவில்லை. இங்கே மொத்த லோடும் இவள் ஒருத்தி தலையில் இறங்கிவிட்டது.

இரண்டாம் நாள் காலையில் அவள், "ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு" என்றான் அவன், போனைத் தடவிக்கொண்டே.

கேட்க வந்த வாய் அப்படியே நின்றது. தனிக்குடித்தனம் என்றால் மேலத்தெரு வீடு மட்டுமா? இவனும் அல்லவா கூட வருவான்! ஏழு வருசத்து ஆசை இரண்டு நாளில் இப்படிப் பயமுறுத்தும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

அவள் யோசிக்கிற நேரத்தில் அவன் தன்னைத்தானே ஒரு படம் எடுத்தான். அரைக்கால் டவுசர், பின்னால் ஓலைக்கூரை, அதற்குப் பின்னால் கடல். பிள்ளைகள் தொந்தரவு இல்லாமல் இரண்டு பேர் மட்டும் வந்திருக்கிறோம் என்ற பெருமையில், 'தனியா வந்தாச்சு' என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். மாலத்தீவு என்று எழுதவில்லை. அந்த மட்டுக்கும் அம்மா சொல் தட்டாத பிள்ளை.

அரைமணி நேரத்தில் முதல் போன் வந்தது. கோயம்புத்தூர் மசாலாக் கம்பெனிக்காரர். "தனியா வந்துருச்சுங்களா? புதுச் சரக்குங்களா? எத்தன மூட்டைங்க?"

வெளியூர்க்காரர்களுக்கு மல்லியின் பேரே தனியாதான். ஹரிஷ்குமார் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஈரோட்டிலிருந்து இன்னொருவர் ஆர்டர் கொடுத்தார். அனுப்பிரியா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த போன் ராம்குமாரிடமிருந்து வந்தது. அதற்கு அவள் சிரிக்கவில்லை.

"ஏலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாலே? நல்லா இருலே" என்றார் அண்ணன். குரல் கம்மியது. வைத்துவிட்டார்.

விருதுநகரில் ஒருத்தன் தனியாப் போய்விட்டான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுப்பைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். ஹரிஷ்குமாருக்கு முகம் வெளிறியது. அவன் ஸ்டேட்டஸை அழித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா கூப்பிட்டார். அவசரத்தில் விரல் தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"எலே, உன் ஸ்டேட்டஸப் பாத்துட்டுக் கடைத்தெரு அய்யாதுரை அண்ணாச்சி நாலு கடைக்காரங்களக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டுப் போறாரு. 'உங்க இளையவன் தனியாப் போயிட்டானாம்ல. திருச்செந்தூர்க் கடக்கரையில கூரை வீட்டுல கெடக்கான், கட்ட வேட்டி கூட இல்ல. நீங்க இருக்கும்போதே பயலுக்கு இந்தக் கதியா'ன்னு கண்ணக் கசக்குறாரு."

"அப்பா, இது கூரை வீடு இல்லப்பா. ஒரு நாளைக்கு வாடகையே..."

"வெலையச் சொல்லாத. எனக்குப் பிரசர் இருக்கு."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா சுத்திப் பாக்கப் போயிருக்காகன்னு சொல்லிற வேண்டியதுதானப்பா?"

"எங்கன சுத்திப் பாக்க? மாலத்தீவுலன்னா? முருகன் பேரச் சொல்லிக் காணிக்கை வாங்கி வச்சிருக்கேன்லே. பொய்யின்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் எங்கிட்டச் சரக்கு எடுப்பான்? அதான், ஆமா, நாந்தான் அவன தனியா விடப் போறேன்னு சொல்லிட்டேன். குடும்பம் பிரியுறது எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே."

மூன்று தலைமுறையாகப் பிரியாமல் இருந்த குடும்பம். பிள்ளையும் மருமகளும் சந்தோசமாக இருக்கப் போயிருக்கிறார்கள் என்ற உண்மையை ஒத்துக்கொள்வதைவிட, அதை இரண்டாக வெட்டிவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"அம்மா விடமாட்டாகப்பா!" ஹரிஷ்குமார் கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

"அவதான் மொதல்ல சரின்னா. உன் பிள்ளைகள ரெண்டு நாளா வச்சுப் பாத்துட்டால்ல. சின்னது மல்லி மூடையில ஒரு குடம் தண்ணிய ஊத்திட்டா. பெரியவன் உங்கம்மா பல்செட்ட எங்கனயோ ஒளிச்சு வச்சுட்டு, தீவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாத்தான் சொல்வேங்கான். அவ நேத்துலருந்து கஞ்சிதான் குடிக்கா." இராமகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். "அனு இருக்காளா? ஏத்தா அனு, மேலத்தெரு வீட்டுச் சாவிய ஒங்கிட்டக் குடுத்துருதேன். நீ என்னத்தா சொல்ற?"

அந்த வீட்டில் அவளை யாரும் நீ என்ன சொல்ற என்று கேட்டதே இல்லை. எதிரே ஹரிஷ்குமார் இரண்டு கையையும் கூப்பி, மாட்டேன்னு சொல்லு, மாட்டேன்னு சொல்லு என்று வாயசைத்தான். ஏழு வருசத்தில் அவன் அவளை இவ்வளவு நேரம் தொடர்ந்து முகம் பார்த்ததும் அதுதான் முதல் தடவை. ஒரு நிமிடம் அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. அப்புறம் ஐம்பது வகைச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்த தோரணை ஞாபகம் வந்தது.

"சரிங்க மாமா, போறோம்" என்றாள். "நானும் பிள்ளைகளும் போறோம். இவுக அங்கனயே அத்தைகிட்ட இருக்கட்டும். அத்தை பாத்துக்கிட்ட மாதிரி எனக்குப் பாக்கத் தெரியாது."

ஹரிஷ்குமார் கூப்பிய கையை இறக்கவில்லை. அந்தப் பக்கம் இராமகிருஷ்ணன் பதில் சொல்லுமுன்பே, பின்னாலிருந்து பல் இல்லாத வாயில் பொன்னுத்தங்கத்தின் குரல் வந்தது. காற்றாக வந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத்தான் விழுந்தது.

"ஆகாது, ஆகாது! அவனயும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நாலு பேரு சேந்து பாத்த பயல நான் ஒத்தையிலயா பாக்க? மூட்டுவலிக்காரி நான். அவனச் சேத்து எடுத்துக்கிட்டாத்தான் சாவி, ஆமா!"

போனை வைத்துவிட்டார்கள். அனுப்பிரியா தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கேட்க வந்த வீடு கேட்காமலே கிடைத்துவிட்டது, கழித்துவிடப் பார்த்த சரக்கும் திரும்ப அவள் தலையிலேயே விழுந்துவிட்டது.

ஹரிஷ்குமார் கூப்பிய கையை இறக்கிவிட்டு, அவள் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தான்.

"அனு" என்றான் கடைசியில், பனியன் தேடும்போது கேட்கிற அதே குரலில். "எங்கம்மாவா அப்படிச் சொன்னாக?"