முழங்கைக் கோடு

“உன் ஜெல்லு உறையாதுங்கிறியே சின்னு, அதுக்குக் கீழ இருக்கிற என் விரலும் உறையாம இருக்குமா?” என்று அண்ணி ஒருமுறை கேட்டாள்.

சின்னு அன்று சிரித்து மழுப்பிவிட்டாள். அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. உப்பும் கிளிசரினும் சேர்த்த ஜெல்லைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஜவ்வு மாதிரி பட்டைகளாக வெட்டுவாள். கடுங்குளிரிலும் அது வளையும், மின்சாரம் கடத்தும். விரலில் ஒட்டினால் ஒவ்வொரு மடக்கும் திரையில் கோடாக ஏறி இறங்கும். விரல் விறைத்தால் கோடு படுத்துவிடும், மணி அடிக்கும், ஆளை வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். பக்கத்துக் குளிர்கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்களுக்கு ஒட்டித்தான் சோதித்தார்கள். அண்ணியும் அங்கேதான் தூக்கினாள்.

இரண்டு தடவை மணி அடித்து அண்ணி வெளியே வந்தாள். இன்னொரு தடவை வந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அண்ணன் முதுகெலும்பு முறிந்து கிடந்த வீட்டில் அடுப்பு எரிவதே அண்ணியின் கையால்தான்.

அதன்பிறகு அண்ணியின் கோடு படுக்கவேயில்லை. இரும்பு மனுஷி என்று தலைமை ஆய்வாளர் மெச்சினார். சின்னு திரையை உற்றுப் பார்த்தாள். விரல் மடங்கினால் கோடு பொடிப்பொடியாகத் துடிக்கும். அண்ணியின் கோடோ பெட்டிக்கு ஒரு தரம் அகலமாக ஏறி இறங்கியது. அண்ணி பட்டையை விரலிலிருந்து எடுத்து முழங்கையில் ஒட்டியிருக்கிறாள்.

வீட்டில் கேட்டபோது அண்ணி மறுக்கவில்லை.

“நீ வாயத் திறந்தா என் வேலை போயிரும்.”

“திறக்கலன்னா விரல் போயிரும், அண்ணி.”

“பத்து இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாளும் திரையில் கோடு அழகாக ஓடியது. கிடங்கின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அண்ணி பெட்டியை விரலால் பிடிக்காமல், இரண்டு மணிக்கட்டாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். சின்னு எழுந்துபோய்ச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள்.

கையுறையைக் கழற்றினார்கள். வலக்கையில் நான்கு விரல்கள் மெழுகாய் வெளுத்திருந்தன. ஊசியால் குத்தியும் அண்ணிக்கு உறைக்கவில்லை. இரண்டு தேறினால் பெரிது என்றார் மருத்துவர். ஏமாற்றியவளுக்கு இங்கே வேலையில்லை என்றார் சூப்பர்வைசர். தலைமை ஆய்வாளர் முழங்கையிலிருந்து பட்டையை உரித்து மடக்கிப் பார்த்தார்.

“கொஞ்சம்கூட விறைக்கல பாரும்மா” என்று அதைச் சின்னுவிடம் நீட்டினார்.

கட்டுப்போட்ட கையோடு அண்ணி வாசலுக்கு வந்தபோது சின்னு முன்னால் போய் நின்றாள்.

“திட்டிட்டாவது போங்க, அண்ணி.”

அண்ணி செருப்பில் காலை நுழைத்தாள். வாரை மாட்ட முடியவில்லை. சின்னு குனிந்து மாட்டிவிடப் போனாள். அண்ணி காலை இழுத்துக்கொண்டாள். மாட்டாத வார் தரையில் தட்டத் தட்ட நடந்து போய்விட்டாள்.